முப்பத்தேழு வில்லைகள்

கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த சுத்தியல் சத்தத்தை இருபத்தாறு வேலை நாள் குறித்து வைத்திருந்தேன். காலை எட்டு ஐந்துக்குத் தொடங்கும். பன்னிரண்டுக்கு நிற்கும். ஒரு மணிக்கு மறுபடி தொடங்கி ஐந்துக்கு நிற்கும். ஒரு நாளும் பிசகியதில்லை. அதே இருபத்தாறு நாளும் அந்தப் பக்கத்து வாசலில் நுழைந்தவர்களையும் எண்ணினேன். அதிகபட்சம் ஐந்து பேர். அதில் ஒருவர் காவலாளி, இன்னொருவர் தபால்காரர்.

இரண்டு பட்டியலையும் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதிப் பார்த்தபோது, தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தேன். கடையில் மீதிச் சில்லறை கூடுதலாக வந்தால்கூட நான்தான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைக்கிற ஆள் நான். இன்னொரு வாசல் இருக்கலாம், படகில் ஆட்கள் வரலாம் என்றெல்லாம் யோசித்து, அவற்றுக்கும் தலா மூன்று நாள் ஒதுக்கிப் பார்த்தேன். வேறு வாசல் இல்லை. படகும் வரவில்லை.

கால்வாயின் இந்தப் பக்கம் இருப்பது என் சித்தப்பாவின் பட்டறை. சிறிய கப்பல்களைத் தண்டவாளத்தில் கரைக்கு இழுத்து, துரு தட்டி, தேய்ந்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு ஒட்டி, சாயம் பூசி மறுபடி தண்ணீரில் விடுகிற இடம். ஆட்கள் இருபத்துமூன்று பேர். எந்தக் கப்பலுக்கு எத்தனை தகடு, எத்தனை நாள் என்று மதிப்பீடு எழுதுவது பகலில் என் வேலை. மாலையில் வணிகச் சட்ட வகுப்புக்குப் போகிறேன். எதற்கெடுத்தாலும் நோட்டுப் புத்தகத்தைத் திறப்பதால் சித்தப்பா எனக்கு வைத்த பெயரே 'நோட்டு'. இப்போது பட்டறை முழுக்க அதுதான் என் பெயர்.

அந்தப் பக்கம் இருப்பது அரசாங்கத்தின் உலர்துறை. கப்பல் உள்ளே வந்ததும் கதவை மூடித் தண்ணீரை இறைத்துவிட்டு, அடிவயிறு வரை பார்த்து வேலை செய்கிற பெரிய பள்ளம். அதில் பதினோரு வருடமாக ஒரே கப்பல்தான் நிற்கிறது. துறைமுகச் சேற்றை வாரும் பழைய தூர்வாரி. அதன் புகைபோக்கியின் மேல்பாதி மட்டும் எங்கள் பக்கத்திலிருந்து தெரியும்.

அந்தக் கப்பலால்தான் நாங்கள் மூழ்கிக்கொண்டிருந்தோம். உலர்துறையில் ஒரு கப்பலில் ஆட்கள் வேலையில் இருக்கும்வரை அந்த ஆட்களின் கூலியை அரசே மானியமாகக் கொடுக்கும் என்பது விதி. துறைமுகம் என்று ஒன்று இருந்தால் அவசரத்துக்கு ஒரு பெரிய பழுதுத் துறை வேண்டும், ஆட்கள் கலைந்துபோகக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி. நல்ல விதிதான். ஆனால் அந்த மானியத்தின் தைரியத்தில் உலர்துறைக்காரர்கள் வெளி வேலைகளுக்கும் குறைந்த விலை எழுதி, வருகிற வேலையை ஒரு ஒப்பந்தக்காரரிடம் தள்ளிவிட்டார்கள். ஆளேற்றும் மூன்று கப்பல்களின் பழுதுக்கு டெண்டர் வந்தபோது அவர்கள் எழுதிய தொகை, தகடு வாங்கவே போதாது.

"அவங்க தகட்டை என்ன, மரத்துலேர்ந்து பறிக்கிறாங்களா?" என்றார் சித்தப்பா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இந்த மூணு கப்பலும் வரலேன்னா பட்டறையை மூடிடறேன் நோட்டு. குடோனுக்குக் கேட்டு ஒருத்தர் ரெண்டு தரம் வந்துட்டுப் போயிட்டார்" என்றார்.

அன்று மாலை வகுப்பில் இதைக் கேட்டேன். கேட்பதற்கு முன் பென்சிலால் மேசையை நாலு தட்டு வேகமாகத் தட்டினேன். கை தூக்கலாமா வேண்டாமா என்று தயங்கும்போதெல்லாம் நான் செய்வது அது. வாத்தியார் சொன்னார்: "அரசாங்கம் உதவி கொடுக்கிறது குத்தமில்லம்மா. அந்த உதவி கடைசியில யாரோட விலையில போய் உட்காருதுன்னு பாக்கணும். வேலை நடக்காத இடத்துக்கு வர்ற உதவின்னா, போட்டி ஆணையத்துக்கு எழுதிப் போடு."

எழுதிப் போட்டேன். ஏழு தரம் திருத்தி, இரண்டு பட்டியலையும் இணைத்து, வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கிற அந்த ஆணையத்துக்கு அனுப்பினேன். மாதக் கடைசிவரை டெண்டரை நிறுத்திவைத்து, நேரில் பார்க்க ஒரு அதிகாரியை அனுப்பினார்கள்.

அதிகாரியம்மாவுக்கு என் சித்தி வயது இருக்கும். மூட்டு வலி. கைப்பையில் தைலமும் முத்திரையும் வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்கு மனுதாரர் தரப்பில் நான் அவரோடு உள்ளே போனேன். சித்தப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். "அந்த வாசப்படி மிதிச்சுப் பதினோரு வருஷம் ஆச்சு. மிதிக்கிறதா இல்லை" என்றார். அவர் ஒரு காலத்தில் அங்கே வேலை பார்த்தவர் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேச மாட்டார் என்பதும் தெரியும்.

உள்ளே சுத்தமாக இருந்தது. அதுதான் முதலில் என்னை உறுத்தியது. பதினோரு வருடம் வேலை நடக்கிற துறையில் தரையில் துருத் தூள் இல்லை, பீடித் துண்டு இல்லை, ஒரு கந்தல் துணி இல்லை. சத்தம் மட்டும் இருந்தது. படியிறங்கிப் பள்ளத்தின் அடிக்குப் போனபோது அது நாலு பக்கச் சுவரிலும் மோதித் திரும்பியது. ஒலிபெருக்கியில் பதிவு ஓடுகிறது என்று பட்டறையில் பேசிக்கொள்வார்கள். நான் கப்பலின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தேன். தகடு அதிர்ந்தது.

கப்பலுக்குப் போகும் பாலத்தின் அடியில் ஒரு மேசை. அதன் பின்னால் ஆளுயரப் பலகை. பலகை முழுக்கக் கொக்கிகளில் பித்தளை வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண். மேசையில் இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் பலகைக்காரர்.

இந்த வில்லை வழக்கம் எங்கள் பட்டறையிலும் உண்டு. கப்பலின் அடித்தொட்டிகள் இருட்டான இரும்புப் பெட்டிகள். உள்ளே இறங்கியவனுக்கு வெளியே கூப்பிடுவது கேட்காது. அதனால் இறங்குமுன் அவனவன் வில்லையைப் பலகையில் மாட்டவேண்டும், ஏறியதும் தன் கையாலேயே எடுக்கவேண்டும். ஒருவன் வில்லையை இன்னொருவன் தொடக்கூடாது. தொட்டால் உள்ளே இருப்பவனை மறந்துவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். யார் யார் உள்ளே என்று பார்க்க, மேஸ்திரி வெளியிலிருந்து தகட்டை மூன்று தரம் தட்டுவார். உள்ளே இருப்பவர்கள் எண் வரிசைப்படி ஒவ்வொருவராகப் பதில் தட்டுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தட்டு. சித்தப்பாவுடையது முதலில் இரண்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு ஒன்று.

"எத்தனை பேர் வேலையில இருக்காங்க?" என்று அதிகாரியம்மா கேட்டார்.

"முப்பத்தேழு."

"எங்கே?"

"உள்ளே."

"நான் இவங்களைப் பாக்கணுமே."

"தட்டிப் பாக்கலாம்" என்றார் பலகைக்காரர், கடிகாரத்தில் மணி பார்க்கச் சொல்வதுபோல. எழுந்து, ஒரு சிறிய சுத்தியலால் தகட்டில் மூன்று தட்டினார்.

சத்தம் ஒரே நொடியில் நின்றது. என் காதுக்குள் அடைத்தது. பிறகு உள்ளிருந்து பதில் வரத் தொடங்கியது. ஒரு தட்டு. ஐந்து மெல்லிய தட்டு. நீளமாக ஒரு உரசல். ஒவ்வொன்றும் கப்பலின் வேறு வேறு மூலையிலிருந்து. நான் கோடு போட்டு எண்ணினேன். அதிகாரியம்மாவும் உதடு அசைய எண்ணினார். முப்பத்தேழு. பிறகு சுத்தியல்கள் மறுபடி தொடங்கின.

"சரியாத்தான் இருக்கு" என்றார் அதிகாரியம்மா. அவர் குரல் இறங்கியிருந்தது.

எனக்குச் சரியாக இல்லை. "மேலே ஏறி ஒரு தொட்டியாவது பாக்கணும்" என்றேன். அவர் முழங்காலைக் காட்டி, "நீ போய்ப் பாரும்மா, நான் இங்கேயே இருக்கேன்" என்றார். பலகைக்காரர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு அலுமினிய வில்லையை எடுத்துக் கொடுத்தார். பார்வையாளர் வில்லை, எண் இல்லை. பலகையின் பக்கவாட்டில், கீழே, தனியாக ஒரு கொக்கி. அதில் மாட்டிவிட்டுப் பாலத்தில் ஏறினேன்.

தளத்தில் யாரும் இல்லை. நாலாம் எண் தொட்டியின் வாய் திறந்திருந்தது. ஒரு ஆள் தோளைக் குறுக்கி இறங்குகிற வட்டத் துளை. நான் குனிந்து, டார்ச்சை அடித்து, உள்ளே தலையை நீட்டினேன். ஏணி தெரிந்தது. அதற்குக் கீழே வெளிச்சம் போகவில்லை. என் தலை துளைக்குள் போனதுமே அந்தத் தொட்டியில் மட்டும் சுத்தியல்கள் நின்றன. வேலை செய்கிறவர்கள் வாசலில் யாரென்று திரும்பிப் பார்க்கும்போது நிற்குமே, அப்படி.

பிறகு ஏணிக்கு மிக அருகில் ஒருவர் தட்டினார். இரண்டு. இடைவெளி. ஒன்று.

எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. பாலத்திலிருந்து ஓடி வந்தேன், மேசையைத் தாண்டி ஓடினேன், பின்னால் பலகைக்காரர் ஏதோ சொன்னது காதில் விழுந்தது, படிக்கட்டின் மேல்படியில்தான் நின்றேன். அங்கிருந்து கால்வாய்க்கு அப்பால் எங்கள் பட்டறை தெரிந்தது. சித்தப்பா தண்டவாளத்தின் நுனியில் இடுப்பில் கை வைத்து நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே மூச்சு வாங்கினேன்.

அதிகாரியம்மா பின்னால் பலகைக்காரரின் பதிவேட்டோடு மெதுவாக ஏறி வந்தார். பலகைக்காரரும் கூட வந்தார். முப்பத்தோராம் எண்ணுக்கு நேராகச் சித்தப்பாவின் பெயர் இருந்தது.

"அவர் அதோ நிக்கிறார்" என்று கையை நீட்டிக் காட்டினேன்.

பலகைக்காரர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "ஆமா, அவரேதான். வெயிட் போட்டிருக்கார்" என்றார். "ஆனா வில்லையை மாட்டினார், எடுக்கலை. எங்க புத்தகப்படி உள்ளேதான் இருக்கார். தட்டினா பதிலும் வருது. நான் என்னம்மா பண்ண?"

"நீங்க மேலே சொல்லலையா?"

"எழுதினேனே. பலகையில எத்தனைன்னு கேட்டாங்க. முப்பத்தேழுன்னேன். அதோட விட்டுட்டாங்க. நானா எடுத்துப்போட்டு, உள்ளே ஆள் இருந்து, தண்ணியைத் திறந்துட்டாங்கன்னா பாவம் யாருக்கு?"

அதிகாரியம்மா வெகுநேரம் பதிவேட்டைப் புரட்டினார். பிறகு எழுதினார். பலகையில் வில்லையும் தட்டுக்குப் பதிலும் இருக்கும்வரை அது வேலை நடக்கும் கப்பல்; அவரவர் வந்து தன் கையால் வில்லையை எடுத்தால் அந்தப் பெயரை அடிக்கலாம்; பத்தாம் நாள் மாலை ஐந்து மணிக்குள் ஒருவரும் மிச்சமில்லை என்றால் மானியம் நிற்கும், டெண்டர் மறுபடி நடக்கும்; ஒருவர் மிச்சமிருந்தாலும் மனு தள்ளுபடி. முத்திரையும் குத்தினார்.

சித்தப்பாவிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். முதலில், "அப்ப அங்கே ஒரு ஆளும் இங்கே ஒரு ஆளுமா நானே எனக்குப் போட்டியா?" என்று சிரித்தார். இரண்டு, ஒன்று என்று மேசையில் தட்டிக் காட்டினேன். சிரிப்பு நின்றது.

"மூணு மாசம் கூலி தரலை" என்றார். "ஒரு நாள் மத்தியானம் மூணு மணிக்கு முப்பத்தேழு பேரும் தொட்டியை விட்டு ஏறி நேரா வாசலுக்கு நடந்தோம். பலகைப் பக்கமே திரும்பலை. அவ்வளவு கோபம். அப்புறம் கூலி வந்ததாம், வேலையில இருக்கிறவங்களுக்கு. எங்களுக்கு யார் சொன்னா?"

சித்தி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பதினோரு வருஷமா பாதி ஆளோடதான் குடித்தனம் பண்ணியிருக்கேன்னு சொல்லு. அதான் ஒரு பேச்சும் காதுல ஏறினதில்லை" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை சித்தப்பா அந்த வாசப்படியை மிதித்தார். நான் இந்தப் பக்கம் தண்டவாள நுனியில் நின்றேன். அங்கே மறுபடி போக எனக்குக் கால் வரவில்லை. ஒன்பது இருபதுக்கு ஒரு சுத்தியல் குறைந்தது. முப்பத்தேழில் ஒன்று குறைவது காதுக்குத் தெரியுமா என்று சந்தேகப்படலாம். நானும் படுகிறேன். ஆனால் அது எந்த இடத்திலிருந்து குறைந்தது என்றுகூடத் தெரிந்தது.

திரும்பி வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். பத்து வருடமாக அவர் சுத்தியல் பிடித்ததில்லை, மேற்பார்வைதான். உள்ளங்கை இரண்டிலும் காய்ப்பு காய்த்து, ஒரு இடத்தில் கொப்புளம் உடைந்து ஈரமாக இருந்தது.

"நாலாம் நம்பர் தொட்டியில தட்டறதுக்கு இனிமே ஒண்ணும் இல்லை" என்றார் மெதுவாக. "துரு எப்பவோ போயாச்சு. தகட்டைத்தான் தட்டிட்டிருந்தோம். காகிதம் மாதிரி ஆயிடுச்சு." பிறகு, "சாப்பாட்டு மணி அடிக்கும். யாரும் சாப்பாடு கொண்டுவர மாட்டாங்க. ஒரு மணிக்கு மறுபடி தொடங்குவோம்" என்றார். யாரிடமும் சொல்வதுபோல் இல்லை. அன்று மத்தியானம் படுத்தவர் மறுநாள் காலை வரை தூங்கினார். பதினோரு வருடத்தில் அப்படித் தூங்கிப் பார்த்ததில்லை என்றார் சித்தி.

மிச்சம் முப்பத்தாறு. எண், பெயர், இப்போதைய தொழில், முகவரி என்று நான் நாலு பத்தி போட்டுக்கொண்டு தேடினேன். ஒருவர் பஸ் ஓட்டினார். ஒருவர் சலூன் வைத்திருந்தார். இரண்டு பேர் எங்கள் பட்டறையிலேயே இருந்தார்கள். எங்கே போய்ச் சொன்னாலும் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அவர்களுடைய தட்டு எது என்று கேட்பேன். யோசிக்காமல் மேசையிலோ கதவிலோ தட்டிக் காட்டுவார்கள். காட்டியதும் அவர்களே பயந்து கையை இழுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு வரமாட்டேன் என்று ஒருவரும் சொன்னதில்லை. சலூன்காரர் பாதி முடி வெட்டியிருந்த ஆளை உட்காரவைத்துவிட்டே கிளம்பினார். "வந்து மீதியை வெட்டறேன், அதுவரைக்கும் கண்ணாடியைப் பாக்காதீங்க" என்றார்.

ஒருவர் இறந்துபோயிருந்தார். அவர் மகளை அதிகாரியம்மா அனுமதித்தார். அந்தப் பெண் வில்லையை எடுத்த கையை மூக்கருகே கொண்டுபோய், "அப்பா சட்டை வாசனை" என்றாளாம். மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

ஒவ்வொரு நாளும் சத்தம் மெலிந்தது. என்னைப் பற்றியும் எழுதவேண்டும், அதை விட்டுவிட்டால் முறையல்ல. அந்த நாட்களில் நான் மிகவும் களைத்திருந்தேன். அலைச்சல் என்று நினைத்தேன். "உன்னை ரெண்டு தடவை கூப்பிட்டாத்தான் பாதி திரும்பறே" என்றார் சித்தி. வகுப்பில் வருகை எடுக்கும்போது என் எண்ணுக்கு வாத்தியார் நிறுத்திப் பார்த்தார். நான் பதில் சொல்லிவிட்டதாக நினைத்திருந்தேன், சொல்லவில்லையாம். நோட்டில் வழக்கமாக ஒரு நாளுக்கு இரண்டு பக்கம் எழுதுவேன். அந்த வாரம் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை.

எட்டாம் நாள் மாலையோடு முப்பத்தேழு வில்லையும் எடுத்தாயிற்று. என் பட்டியலில் முப்பத்தேழு கோடு விழுந்துவிட்டது. ஒன்பதாம் நாள் காலை எட்டு ஐந்துக்கு நான் தண்டவாள நுனியில் நின்றேன், அமைதியைக் கேட்க.

ஒரு சுத்தியல் தட்டிக்கொண்டிருந்தது.

கெட்டிக்காரச் சுத்தியல் இல்லை. பழகாத கை. நாலைந்து அடிக்கு ஒருமுறை நின்று, மறுபடி தயங்கித் தொடங்கியது. என் பட்டியலை மூன்று தரம் சரிபார்த்தேன். யாரையாவது இரண்டு தரம் எண்ணிவிட்டேனா, பதிவேட்டில் ஒரு பெயர் விட்டுப்போனதா என்று அன்று முழுக்க அலைந்தேன். மறுபடி தண்டவாள நுனிக்கு வந்து நின்று எழுதியது நோட்டில் இப்படி இருக்கிறது: 'பகல் 4.10. ஒரு சுத்தியல். யாரென்று தெரியவில்லை. தப்பு என்னுடையதா?'

பத்தாம் நாள் நாலு மணிக்கு அதிகாரியம்மாவோடு இறங்கினேன். இந்த முறை சித்தப்பாவும் வந்தார். பலகையில் கொக்கிகள் மட்டும் வரிசையாக இருந்தன. பலகைக்காரர் சுத்தியலை அதிகாரியம்மாவிடமே கொடுத்தார். அவர் மூன்று தட்டினார்.

சுத்தியல் நின்றது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. சித்தப்பா மூச்சை விட்டார். அப்போது, கப்பலின் வயிற்றுக்குள்ளிருந்து, வேகமாக, மெல்லிதாக, நாலு தட்டு.

அதிகாரியம்மா பேனாவைத் திறந்தார். "ஒருத்தர் மிச்சமிருக்கே" என்றார் வருத்தத்தோடு. "நான் வேற மாதிரி எழுத முடியாதும்மா."

"யாருதுய்யா அது?" சித்தப்பா பலகைக்காரர் மேல் பாய்ந்தார். "முப்பத்தேழு பேர்ல எவனுக்கும் இந்தத் தட்டு கிடையாது. இது தொழில்காரன் தட்டே இல்லை. இருபத்துமூணு குடும்பத்து சோத்துல விளையாடறீங்களா?"

எனக்குத் தெரிந்துவிட்டது. என் வலது கை ஏற்கெனவே பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தது.

பலகையின் பக்கவாட்டில், கீழே, தனிக் கொக்கியில், அந்த அலுமினிய வில்லை தொங்கியது.

"அன்னைக்கே கூப்பிட்டேனேம்மா, எடுத்துட்டுப் போங்கன்னு" என்றார் பலகைக்காரர். "ஓடிட்டீங்க."

சித்தப்பா என்னைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் முழுக்க வடிந்தது. "நோட்டு" என்றார். பிறகு முதல்முறையாக என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "வேண்டாம்மா. அங்கே எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உனக்கு அது வேண்டாம். பட்டறை போனாப் போகுது."

மணி நாலு நாற்பத்தைந்து. பட்டறை போனால் போகட்டும் என்று அவர் சொன்னதை நான் ஒரு நொடி பிடித்துக்கொண்டேன், மறைக்கவில்லை. ஆனால் தகட்டுக்கு அந்தப் பக்கம் மறுபடி நாலு தட்டு கேட்டது. கை தூக்கலாமா என்று கேட்கிற தட்டு. அதற்கு இத்தனை நாள் யாருமே பதில் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் குனிந்து வில்லையை எடுத்தேன்.

அதிகாரியம்மா 'பலகை காலி, 4.47' என்று எழுதி முத்திரை குத்தினார். மறு டெண்டரில் எல்லோரும் கூலியைச் சேர்த்தே விலை எழுதினார்கள். எங்களுக்கு இரண்டு கப்பல் வந்தது, ஒன்று அவர்களுக்குப் போனது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவர்களும் இப்போது உண்மையான ஆட்களை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். குடோனுக்குக் கேட்டவர் வருவதை நிறுத்திவிட்டார். சத்தமில்லாத கால்வாய்க்குப் பழகத்தான் பட்டறையில் எல்லோருக்கும் நாளானது. எட்டு ஐந்துக்கு ஒரு கணம் வேலையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பார்ப்பார்கள்.

தொட்டிக்குள் நான் இருந்த அந்த ஒன்பது நாளை எழுதி முடித்தால்தான் இந்த நோட்டு சரியாகும். என் உள்ளங்கைக் காய்ப்பு ஆறிக்கொண்டிருக்கிறது. முதல் நாள் இருட்டில் என்னைச் சுற்றி முப்பத்தேழு பேர் இருந்தார்கள். யாரோ என் கையில் சுத்தியலைக் கொடுத்தார்கள். பேச்சே கிடையாது. ஏணிக்கு அருகில் இரண்டு, ஒன்று என்று தட்டுகிறவர் எனக்குத் தெரிந்தவர் என்பது மட்டும் ஆறுதலாக இருந்தது. மறுநாள் காலை அவர்தான் முதலில் போனார். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். போகிறவரின் சுத்தியல் பாதி அடியில் நிற்கும், அவ்வளவுதான் தெரியும். எட்டாம் நாள் மாலை எனக்கு எதிரே தட்டிக்கொண்டிருந்தவரும் போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் தகடு மிக மெலிந்திருந்தது. நாலு மணிக்குக் கொஞ்சம் மேலே, வெளியே தண்ணீருக்கு அப்பால் யாரோ நின்று என்னைக் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. காகிதத்தில் பென்சில் ஓடும் சத்தம்கூடக் கேட்டது. நான் வேகமாக நாலு தட்டினேன். அந்தப் பக்கம் பென்சில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றது. பிறகு காலடிகள் விலகிப் போயின.